38 வயதில் ஆர்க்கிடெக்ட் ஆனவர் மதுரையில் கட்டிய கட்டடம்: ஜெஃப்ரி பாவாவின் கதை இன்றைய ப்ளஸ் டூ மாணவருக்கு என்ன சொல்கிறது?

"ஆர்க்கிடெக்ட்னா வீட்டுக்கு பிளான் போட்டுத் தர்றவர்தானே? அதுக்கு எதுக்குப்பா அஞ்சு வருஷம்? சிவில் படிச்சா நாலு வருஷத்துல முடிஞ்சிருமே!"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வீடுகளில் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்துவிடும். பையனோ பொண்ணோ நன்றாக வரைகிறார்கள், கணக்கும் வருகிறது, "ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன்" என்கிறார்கள். அப்பாவுக்குச் சந்தேகம். ஐந்து வருடம் படித்து முடித்தால் வேலை உண்டா? சம்பளம் எவ்வளவு? வீடு கட்டுறவங்க எல்லாம் மேஸ்திரியிடமும் இன்ஜினியரிடமும்தானே போறாங்க?

நியாயமான கேள்விகள்தான். இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். மதுரை கோச்சடை வரைக்கும் போனால் போதும்.

கோச்சடையில் என்ன இருக்கிறது?

மேலக்கால் மெயின் ரோட்டில் 'ஹெரிடேஜ் மதுரை' என்ற ஹோட்டல் இருக்கிறது. கல்யாண ரிசப்ஷனுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பெரிய மரங்கள், தாழ்ந்த ஓட்டுக் கூரை, கோயில் குளம் மாதிரி படி இறங்கும் நீச்சல் குளம். ஒரு காலத்தில் இது மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்கான 'மதுரை கிளப்'.

1970களின் தொடக்கத்தில் அந்தக் கிளப் கட்டடத்தை வடிவமைத்தவர் இலங்கையைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா. ஆசியாவின் மிக முக்கியமான ஆர்க்கிடெக்ட்களில் ஒருவர். இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவரே.

மதுரையில் இது அவருடைய முதல் வேலையும் கிடையாது. அதற்கு முன்பே, 1965 வாக்கில், மதுரைக்கு வெளியே ஏழைச் சிறுவர்களுக்கான 'பாய்ஸ் டவுன்' பயிற்சிப் பள்ளியை வடிவமைத்திருக்கிறார். அப்போது அவர் ஆர்க்கிடெக்ட் ஆகி எட்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் வயது 46.

46 வயதில் எட்டு வருட அனுபவமா? அதற்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

வக்கீல் வேலையை விட்டவர்

பாவா பிறந்தது 1919இல், கொழும்பில். வசதியான குடும்பம். அப்பா பெயர் பெற்ற வக்கீல். 1938இல் இங்கிலாந்து போய் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு லண்டனில் சட்டம் படித்து, 1944இல் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பி கொழும்பில் கொஞ்ச காலம் வக்கீல் தொழில்.

அந்த வேலை பிடிக்கவில்லை. அம்மா இறந்த பிறகு, 1946இல் தொழிலை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினார். தூரக் கிழக்கு நாடுகள், அமெரிக்கா, ஐரோப்பா என இரண்டு வருடம். இத்தாலியில் ஒரு வீடு வாங்கி அங்கேயே இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தார். அது நடக்கவில்லை.

1948இல் இலங்கை திரும்பி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். பெயர் லுணுகங்கா. அதை இத்தாலியத் தோட்டம் போல மாற்ற வேண்டும் என்பது ஆசை.

ஆசை இருந்தது. பணம் இருந்தது. ரசனையும் இருந்தது. ஆனாலும் வேலை ஓடவில்லை. ஏன்?

ரசனை இருந்தும் தடுத்தது எது?

தொழில்நுட்பம் தெரியாதது. மேட்டை எங்கே வெட்டினால் எதிரே ஏரி தெரியும் என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினால் அது மழைக்குத் தாங்குமா, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், கூரையின் பாரத்தை எந்தத் தூண் சுமக்கும் என்பதெல்லாம் வேறு கணக்கு. மனதில் இருப்பதை மேஸ்திரிக்குப் புரிகிற மாதிரி அளவோடு தாளில் வரைந்து கொடுக்கவும் தெரிய வேண்டும்.

இதை இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். "எனக்கு நல்லா வரைய வரும், அதனால ஆர்க்கிடெக்சர்" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வரைவது இந்தத் தொழிலில் பாதிகூட இல்லை. பாவாவுக்கு ரசனையில் குறை ஒன்றும் இருக்கவில்லை. குறை இருந்தது கட்டுமான அறிவில். அதைத் தேடித்தான் 30 வயதுக்கு மேல் மறுபடியும் மாணவர் ஆனார்.

முதலில் அலுவலகம், பிறகு கல்லூரி

நம் ஊரில் முதலில் படிப்பு, பிறகு வேலை. பாவா இதைத் திருப்பிப் போட்டார்.

1951இல் கொழும்பில் 'எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக்' என்ற பழைய ஆர்க்கிடெக்ட் நிறுவனத்தில் ஹெச்.ஹெச். ரீட் என்பவரிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் கூட்டாளிகளில் அப்போது மிச்சம் இருந்தவர் ரீட் மட்டும்தான். அடுத்த வருடமே அவரும் இறந்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வருட அலுவலக அனுபவம் அவருக்கு ஒரு விஷயத்தைக் காட்டிவிட்டது: இதுதான் தன் தொழில், இதை முறையாகப் படிக்காமல் மேலே போக முடியாது. மறுபடியும் இங்கிலாந்து. லண்டனில் உள்ள 'ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன்' கல்லூரியில் சேர்ந்தார். கூடப் படித்தவர்களில் வயதில் மூத்தவரும் அவர்தான், உயரமானவரும் அவர்தான்.

1957இல் தகுதி பெற்ற ஆர்க்கிடெக்டாக ஊர் திரும்பினார். அப்போது வயது 38. ரீட் விட்டுச் சென்ற நிறுவனத்தில் மிச்சம் மீதி இருந்ததை எடுத்து நடத்த ஆரம்பித்தார்.

அதே 1957இல்தான் சென்னையில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆர்க்கிடெக்சர் துறை தொடங்கியது. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் 'ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்'. மதுரை திருப்பரங்குன்றத்தில் தியாகராசர் பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே 1957இல்தான். இன்று அங்கேயும் பி.ஆர்க் படிக்கலாம்.

முதல் பத்து வருடம் என்ன செய்தார்?

பெரிய ஆள் என்றதும் பெரிய கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் முதல் பத்து வருடத்தில் பாவா செய்ததில் பெரும்பகுதி வீடுகள், பள்ளிக்கூடக் கட்டடங்கள், அலுவலகங்கள்.

1958இல் நிறுவனத்தின் கூட்டாளி ஆனார். 1959இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்க்கிடெக்ட் உல்ரிக் பிளெஸ்னர் அவரோடு சேர்ந்தார். அடுத்த ஏழெட்டு வருடம் இருவரும் சேர்ந்தே பல கட்டடங்களை வடிவமைத்தார்கள்.

அப்போது இலங்கையில் வெளிநாட்டுப் பொருட்களை இறக்குமதி செய்யக் கடும் கட்டுப்பாடு. கண்ணாடி, இரும்பு எல்லாம் நினைத்த மாதிரி கிடைக்காது. லண்டனில் கற்றுவந்த நவீனக் கட்டடக் கலைக்கு அவைதான் அடிப்படை. என்ன செய்வது?

பக்கத்தில் கிடைப்பதை வைத்துக் கட்டினார்கள். பாட்டிக் துணி ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் கட்டிய வீடு இதற்கு நல்ல உதாரணம். நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், மரத்தூண், ஓட்டுக் கூரை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே காற்று ஓடும்.

மதுரைக்காரர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். தாத்தா வீட்டில் பார்த்ததுதான்! திண்ணை, முற்றம், தாழ்வாரம். செட்டிநாட்டு வீடுகளிலும் இதே கதைதான். முற்றத்தில் சூடான காற்று மேலே போகும்போது, நிழலான தாழ்வாரம் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். பாவா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்ததை, நெரிசலான நகரத்து மனைக்கும் இன்றைய வாழ்க்கைக்கும் பொருந்துகிற மாதிரி மாற்றினார்.

கூரையிலும் ஒரு வேலை செய்தார்கள். வெறும் ஓடு போட்டால் பலத்த மழையில் ஒழுகும். வெறும் சிமென்ட் ஷீட் போட்டால் மழை நிற்கும், ஆனால் வீடு அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால் கீழே சிமென்ட் ஷீட், அதன் மேலே நாட்டு ஓடு. மழைக்கு ஷீட், வெயிலுக்கு ஓடு. செலவும் கையைக் கடிக்காது. இது பிறகு இலங்கை முழுக்கப் பரவிய முறை.

தனி ஆளாகச் செய்தாரா?

இல்லை. 1967இல் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியாளர் நிறுவனத்தின் கூட்டாளி ஆனார். அடுத்த இருபது வருடம் பாவா மனதில் நினைத்ததை இடிந்து விழாமல் நிற்க வைக்கும் கணக்கு அவருடையது. ஈனா டி சில்வாவின் பாட்டிக், லகி சேனாநாயக்காவின் ஓவியமும் சிற்பமும், பார்பரா சன்சோனியின் கைத்தறி என்று ஒரு பட்டாளமே உடன் இருந்தது.

"ஆர்க்கிடெக்ட்டா, இன்ஜினியரா, யார் பெரியவர்?" என்ற நம் ஊர் சண்டைக்கு இதில் பதில் இருக்கிறது. இடத்தை எப்படிப் பயன்படுத்துவது, வெளிச்சமும் காற்றும் எந்தப் பக்கம் வரும், ஆட்கள் எப்படி நடமாடுவார்கள் என்று யோசிப்பது ஆர்க்கிடெக்ட். அது உறுதியாக நிற்க எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட் என்று சொல்வது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இருவரும் வேண்டும்.

1970களில் பாவா தமிழ்நாட்டிலும் வேலை செய்தார். சென்னை கன்னிமாரா ஹோட்டல் விரிவாக்கமும் மதுரை கிளப்பும் அந்தக் காலத்து வேலைகள். கோட்டேயில் ஏரி நடுவே நிற்கும் இலங்கை நாடாளுமன்ற வேலை 1979இல் வந்தபோது அவருக்கு வயது 60. கட்டடம் திறக்கப்பட்டது 1982இல். 2001இல் ஆகா கான் விருதுக் குழுவின் தலைவர் விருது கிடைத்தது. 2003இல் காலமானார்.

சரி, இன்று மதுரையில் ஒரு பாவா இருந்தால்?

இலக்கியம் படித்துவிட்டு, சட்டம் படித்துவிட்டு, 35 வயதில் "நான் ஆர்க்கிடெக்ட் ஆகணும்" என்று ஒருவர் வந்தால் என்ன ஆகும்? வயது பிரச்சினை ஆகாமல் போகலாம். ப்ளஸ் டூவில் என்ன குரூப் எடுத்தார் என்பதுதான் முதல் கேள்வி.

இந்தியாவில் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம். அதன் கீழ் இயங்குவது 'கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்'. பி.ஆர்க் படிப்பில் சேர ப்ளஸ் டூவில் கணிதம் கட்டாயம். கணிதம் கட்டாயப் பாடமாக உள்ள மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் கணிதமே இல்லாத குரூப் எடுத்தவருக்குக் கதவு மூடியிருக்கிறது.

அதனால்தான் இந்த முடிவை ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு எடுத்தால் தாமதம். பத்தாம் வகுப்பு முடித்து ப்ளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே இதை யோசிக்க வேண்டும்.

அடுத்து நுழைவுத் தேர்வு. கவுன்சில் நடத்தும் நாட்டா தேர்வு 200 மதிப்பெண்ணுக்கு. தமிழ்நாடு கலந்தாய்வில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றி, நாட்டா மதிப்பெண்ணையும் சேர்த்து, மொத்தம் 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். திருச்சி என்ஐடி போன்ற மத்திய அரசு நிறுவனங்களில் சேர ஜேஇஇ மெயின் தேர்வின் பி.ஆர்க் தாளை எழுத வேண்டும்.

படிப்பு குறைந்தது ஐந்து வருடம், பத்து செமஸ்டர். அதில் ஒரு செமஸ்டர் ஏதாவது ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நேரடிப் பயிற்சி. பாவா ரீட் அலுவலகத்தில் கற்றுக்கொண்ட அந்த ஒரு வருடத்தின் சுருக்கம் என்று இதைச் சொல்லலாம்.

பட்டம் இல்லாமல் பிளான் போட்டால் குற்றமா?

இதில்தான் நிறைய பேருக்குக் குழப்பம். மதுரையில் எத்தனையோ வீடுகளுக்கு பிளான் போட்டவர் ஆர்க்கிடெக்ட் இல்லையே, அது எப்படி?

2020 மார்ச் 17ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. கவுன்சிலுக்கும் நொய்டாவில் பணியாற்றிய முகேஷ் கோயல் என்பவருக்கும் இடையிலான வழக்கு அது. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: சட்டத்தின் 37ஆவது பிரிவு தடுப்பது 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டப் பெயரைப் பயன்படுத்துவதை. கட்டடம் வடிவமைக்கும் வேலையையே மற்றவர்கள் செய்யக் கூடாது என்று அந்தப் பிரிவு தடுக்கவில்லை.

அதாவது, பதிவு பெறாத ஒருவர் வீட்டுக்கு டிசைன் செய்து கொடுக்கலாம். ஆனால் விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியாது. போட்டால் தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை 500 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1972இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

இதை மாணவர்கள் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, ஐந்து வருடப் படிப்பு உங்களுக்குக் கொடுப்பது பெயரையும் பதிவு எண்ணையும். வேலை உங்களுக்கு மட்டும்தான் என்ற தனி உரிமையை அது கொடுக்காது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் உள்ள மாதிரி வேலி இந்தத் தொழிலுக்கு இல்லை. இன்னொன்று, அப்படியென்றால் வேலை கிடைக்க ஒரே வழி, உங்கள் வேலை மேஸ்திரி பிளானைவிட நன்றாக இருப்பது.

வீடு கட்டப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. உங்களிடம் வருபவர் உண்மையிலேயே ஆர்க்கிடெக்ட்தானா என்று பார்க்க, அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். 'சிஏ' என்ற எழுத்தும் பதிவு செய்த வருடமும் அதில் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பாவா கதையில் யாரும் பேசாத பக்கம்: பணம்

"38 வயசுல ஆரம்பிச்சு ஜெயிச்சார்" என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் முடியுமா?

பாவாவுக்குக் குடும்பச் சொத்து இருந்தது. வேலையை விட்டு இரண்டு வருடம் உலகம் சுற்ற முடிந்தது. தோட்டம் வாங்க முடிந்தது. 30 வயதுக்கு மேல் லண்டன் போய்ப் படிக்க முடிந்தது. அடுத்த மாத வாடகையைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அவருடைய திறமையை இது குறைக்காது. ஆனால் அந்தத் திறமை காத்திருக்க இடம் கொடுத்தது பணம்தான்.

இதே இலங்கையில் பாவாவுக்கு முன்பே இதே பாதையில் போன ஒரு பெண் இருந்தார். கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா. மும்பை ஜே.ஜே. கல்லூரியிலும் பிறகு லண்டனில் பாவா படித்த அதே ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனிலும் படித்தவர். 1948இல் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் சங்கத்தில் அசோசியேட் ஆன முதல் ஆசியப் பெண். உள்ளூர்க் கைவினையையும் நவீனக் கட்டடத்தையும் சேர்த்து வீடுகள் கட்டினார். பிளெஸ்னர் டென்மார்க்கிலிருந்து முதலில் வேலைக்கு வந்ததும் அவரிடம்தான். ஆனால் பாவா அளவுக்கு அவருக்குப் பெரிய வேலைகள் வரவில்லை. உலகம் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வெகு தாமதமாகத்தான்.

இந்தியாவில் பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் ஆர்க்கிடெக்ட் பி.வி. தோஷியின் கதை இன்னொரு மாதிரி. 1951 வாக்கில் பாரிஸில் லெ கொர்பூசியேவிடம் வேலைக்குச் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை. கஷ்டப்பட்டுத்தான் ஓட்டினார். 2018இல் அந்த விருது வந்தபோது அவருக்கு வயது 90.

ஆக, இந்தத் தொழிலில் பெயரும் வருமானமும் மெதுவாகத்தான் வரும். அது அன்றும் அப்படித்தான், இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். ஐடி கம்பெனியில் சேர்ந்த நண்பன் முதல் மாதமே வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால், சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் சேரும் இளைஞருக்கு மனது வலிக்கும். கல்விக் கடன் வாங்கிப் படித்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஐந்தாவது வருடம் தெரிந்து அதிர்ச்சி ஆவதைவிட, சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

படிப்புச் செலவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கல்லூரி கட்டணத்தோடு முடியாது. மாடல் செய்ய அட்டை, மரம், பசை. பெரிய தாளில் பிரிண்ட். கனமான சாஃப்ட்வேர் ஓடும் லேப்டாப். கட்டடங்களைப் பார்க்க வெளியூர்ப் பயணம். கட்டணம் மட்டும் போட்டுக் கணக்குப் பார்த்தால் பாதியில் கையைப் பிசைய வேண்டி வரும். தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட மறக்கக் கூடாது.

முதல் மூன்று வருடம் வேலை எப்படி இருக்கும்?

கனவில் வருவது கண்ணாடி மாளிகை. கையில் வருவது பாத்ரூம் டிராயிங்.

புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்: கதவு, ஜன்னல் அளவுப் பட்டியல். படிக்கட்டின் அளவு. டைல்ஸ் எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்ற வரைபடம். மாநகராட்சி அனுமதிக்கான பிளான். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், ரெவிட் என்று ராத்திரி வரை ஸ்கிரீன் முன்னால்.

நடுவில் சைட் விசிட். அங்கேதான் உண்மையான படிப்பு. தாளில் 10 சென்டிமீட்டர் தவறினால், சைட்டில் கொத்தனார் சுவரை இடிக்க வேண்டி வரும். சென்டரிங் போட்டு கம்பி கட்டி முடித்த பிறகு, "சார், இந்தப் பைப் எங்க போகும்?" என்று பிளம்பர் கேட்பார். பதில் சொல்லத் தெரியாமல் நின்ற அந்த ஒரு நாள், ஒரு செமஸ்டர் பாடத்துக்குச் சமம்.

லுணுகங்காவில் பாவாவைத் தடுத்து நிறுத்தியதும் இதே கேள்விகள்தான். வயதும் வசதியும் வேறாக இருக்கலாம். எல்லோரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டிசைனர் வழியும் உண்டு

கட்டடத்தின் உள்ளே மட்டும்தான் ஆர்வம், அல்லது ஃபர்னிச்சர், பொருட்கள், கிராஃபிக்ஸ் என்றால் பி.டெஸ் படிப்பு இருக்கிறது. நான்கு வருடம். அகமதாபாத் என்ஐடிக்கும் ஐஐடிகளுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. இவற்றில் எந்த குரூப் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கணிதம் எடுக்காமல் விட்டவர்களுக்கு இது திறந்திருக்கும் கதவு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இன்டீரியர் டிசைன் படித்தவர் இன்டீரியர் டிசைனர். அந்தப் பட்டத்தை வைத்து 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியாது.

கல்லூரியில் சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த வருடம் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரப் பட்டியலில் இந்தக் கல்லூரி இருக்கிறதா? போன வருடம் இருந்தது போதாது.

2. பாடம் எடுப்பவர்களில் சொந்தமாகக் கட்டடம் கட்டும் ஆர்க்கிடெக்ட்கள் எத்தனை பேர்?

3. நேரடிப் பயிற்சி செமஸ்டருக்கு மாணவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள்? உதவித்தொகை கிடைக்கிறதா, இல்லை கைக்காசு போட வேண்டுமா?

4. படித்து முடித்தவர்கள் மூன்று வருடம் கழித்து என்ன செய்கிறார்கள்? முதல் வருட வேலைவாய்ப்பு விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சீனியர்களிடம் நேரில் பேசுங்கள்.

5. கட்டணம் தவிர, வருடத்துக்கு மாடல், பிரிண்ட், பயணம் எல்லாம் சேர்த்து என்ன செலவாகும்?

மதுரைப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி

ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கும் ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக விரியும் நகர அமைப்பு உலகப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் திருமலை நாயக்கர் மகால், செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து எவ்வளவு பிரம்மாண்டம் காட்ட முடியும் என்பதற்குச் சாட்சி. 2023இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டுப் பாணியில் எழுந்தது. அதே வருடம் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டது.

இந்தப் புதிய கட்டடங்களைத் திறந்து வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். வடிவமைத்தது யார் என்று கேட்டால்? பெரும்பாலும் பதில் வராது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

அதனால் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் உள்ள பழைய வீடு ஒன்றில், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, திண்ணையின் உயரம், முற்றத்தின் அகலம், தாழ்வாரத்தின் ஆழம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கே நிழல் விழுகிறது, எங்கே காற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரம் இதைச் செய்தும் அலுக்கவில்லை என்றால், ஐந்து வருடம் பற்றி அப்பாவிடம் தைரியமாகப் பேசலாம். அலுத்துவிட்டது என்றாலும் நஷ்டம் இல்லை. ஐந்து வருடம் கழித்துத் தெரிய வேண்டியது இரண்டு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.